பரங்கிப்பேட்டை: ஆறு முடிகிற இடத்தில் ஒரு படிப்பு

சிதம்பரத்தில் பஸ் ஏறி, பி.முட்லூர் வந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் இதை 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். புதிய துறைமுகம் என்று பொருள். 1781-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதியது இங்கேதான். ஆனால் ஆத்தூரிலிருந்து வந்து இறங்கிய அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் சரித்திரம் பார்க்க நேரமில்லை.

மகள் விலங்கியல் பட்டதாரி. எம்.எஸ்ஸி.யில் கடல் உயிரியல்தான் என்று ஒரே பிடிவாதம். "கடலைப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். இறால் குஞ்சு பொரிப்பகம், சுற்றுச்சூழல் ஆய்வு, ஆராய்ச்சி, ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. ஆனால் எம்.எஸ்ஸி. முடித்த மறுநாளே யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். பலருக்கு முனைவர் பட்டம் வரை போகவேண்டியிருக்கும். அதனால்தான் எந்த இடத்தில் சேர்வது என்பது முக்கியமாகிறது.

கொச்சிக்குப் போனால் பெரிய ஆய்வகங்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு இப்போது தலைமையகம் அங்கேதான். பவளப்பாறைதான் ஆசை என்றால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் இருப்பது கழிமுகம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில், முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கழிமுகத்தில் அப்படி என்ன இருக்கிறது? கோடையில் இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட கடல் மாதிரி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு வரை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் உப்பு மளமளவென்று இறங்கிவிடும். இந்த இரண்டையும் தாங்குகிற மட்டி, நண்டு, புழு, மிதவை உயிர்கள்தான் பாடம். டால்பினோடு நீந்தலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து விடியலிலேயே சேற்றில் இறங்கவேண்டும். அள்ளிய சேற்றைச் சலித்து, நுண்ணோக்கியில் எண்ணவேண்டும்.

தெற்கே பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இன்றும் அந்தச் சதுப்பில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கரையோரத்தின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005-ல் எழுதினார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே புள்ளிவிவரத்தை எடுத்து, காட்டைவிடக் கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்று வாதிட்டார்கள். வாசலில் நடந்த ஒரு பேரழிவைப் பற்றி உலக ஆய்விதழ்களில் இப்படி ஒரு விவாதம் நடந்த இடத்தில் படிப்பதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மகள் அப்படிச் செய்யவில்லை. எதிரே வந்த மாணவிகளை நிறுத்தி, மாதத்தில் எத்தனை நாள் களத்துக்குப் போகிறீர்கள், படகு கேட்டால் கிடைக்குமா, ஆய்வு வழிகாட்டிக்கு எதில் ஆர்வம், விடுதிச் சாப்பாடு எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். கடைசிக் கேள்வி அப்பாவுக்காக.

பிறகு ஆற்றங்கரையில் நின்றபோது அவள் சொன்னாள்: "நம்ம ஊர் வசிஷ்ட நதி சுவேத நதியோட சேர்ந்துதாம்ப்பா வெள்ளாறு. அது வந்து முடியறது இங்கதான்."

அவர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "ஒரே உப்பும்மா."

"ஐப்பசி கழிச்சு வந்து பாருங்கப்பா, இவ்வளவு இருக்காது."

"விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னன்னு கேட்டியா?" என்றார் அவர், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு.