கிற்றார் சோறு போடுமா?

என் தமக்கையாரின் மகனுக்கு இருபது வயது. ஒல்லாந்திலே பிறந்து வளர்ந்தவன். பொறியியல் படிக்கச் சென்ற அவன், முதலாண்டு முடிவிலே, “பிளமெங்கோ கிற்றாரை முறைப்படி கற்கப் போகிறேன், அதுவே இனி என் தொழில்” என்று வீட்டாருக்கு அறிவித்துவிட்டான். அன்றிரவே தமக்கையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. “தம்பி, கிற்றார் அடிச்சு ஆரும் சோறு திண்டவையோ? நீ சொல்லு பாப்பம்” என்றார்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் றொட்டர்டாம் நகரிலே நெடுங்காலம் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆயினும் மாலை வேளைகளிலே கிற்றார்க் கச்சேரிகளைத் தேடி அலைந்தவன். கருவியைத் தொட்டு வாசித்தறியேன். கேட்கும் பித்து மட்டும் உண்டு. கணக்கும் தெரிந்தவன், கிற்றாரும் தெரிந்தவன் என்று எண்ணியே வழக்கை என்னிடம் கொணர்ந்தார். அவருடைய வினாவிலே கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆகவே அதனை உண்மையான வினாவாகவே எடுத்துக்கொண்டு சில மாதங்கள் விசாரித்தேன். கலையொன்றைத் தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்று பிள்ளை எழுந்து நிற்கும் வீடுகள் இப்பொழுது நம்மவரிடையே ஒன்றிரண்டல்லவாகையால், அவ்விசாரணையிற் கண்டவற்றை இங்கு எழுதுகின்றேன்.

பிளமெங்கோ, ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய அந்தலூசியாவிலே பிறந்த கலை. பாட்டு, ஆட்டம், கிற்றார் ஆகிய மூன்றும் கூடியதே அது. இவற்றுள் பாட்டே தாய். கிற்றார் பின்னர் வந்து சேர்ந்த துணை. இசைத்தட்டிலே தனிக் கிற்றாரைக் கேட்டு மயங்கும் நம் பிள்ளைகள் முதலில் அறியாதது இதுவே. இக்கலையை வளர்த்தவருட் பெரும்பங்கினர் ஹீத்தானோக்கள் எனப்படும் ரோமா மக்கள். அவர்தம் முன்னோர் வடஇந்தியாவினின்றும் புறப்பட்டவர் என்பதை அறிந்தவுடன், “அப்படியானால் அது நம்முடைய இசையே” என்று மார்தட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. புறப்பட்டது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். ஸ்பெயினை அடைந்தது 15ஆம் நூற்றாண்டில். பிளமெங்கோ உருப்பெற்றதோ 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், அந்தலூசிய மண்ணில். இவ்வளவு தூரத்து உறவைக் காட்டி முதிசம் கேட்பது முறையன்று.

கருவியும் சிறிது வேறானது. மேல்நாட்டுச் செந்நெறிக் கிற்றாரின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் ஈட்டி மரத்தாலானவை. தென்னிந்தியக் காடுகளில் விளையும் ஈட்டி மரத்திற்கு அத்தொழிலிலே பெருமதிப்பு உண்டு. பிளமெங்கோக் கிற்றாருக்கோ மரபாகக் கொள்வது சைப்பிரஸ் மரம். பாரம் குறைவு, ஓசை சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். தந்திகள் பலகையை அண்மித் தாழ்ந்து கிடக்கும். விரலாற் பலகையைத் தட்டுவதும் வாசிப்பின் ஒரு பகுதியாதலால், மரம் தேயாதிருக்க அவ்விடத்தில் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிவைப்பர். ஆட்டக்காரரின் காலடி ஓசைக்கு மேலாகக் கேட்க வேண்டிய கருவி இது. அதன் உருவமே அதன் ஊழியத்தைச் சொல்லிவிடுகின்றது.

இதனைக் கல்லூரியிற் கற்கலாமா? கற்கலாம். 1985ஆம் ஆண்டிலே றொட்டர்டாம் இசைக்கல்லூரி, கோர்டோபா நகரத்தவராகிய பாக்கோ பேன்யாவை அழைத்துப் பிளமெங்கோக் கிற்றாருக்கெனப் பேராசிரியராக அமர்த்திற்று. உலகிலே அத்தகைய முதற் பதவி அதுவே. பிறந்த வீடு பார்த்திருக்க, மழை ஓயாத ஒரு வடதிசைத் துறைமுகம் முந்திக்கொண்டது. பின்னர் ஸ்பெயினும் விழித்துக்கொண்டது. கோர்டோபா, பார்சலோனா முதலிய நகரங்களிலே உயர்நிலைப் படிப்பு உண்டாயிற்று. அந்நாட்டு இசைக்கல்வியிலே தொடக்கநிலை 4 ஆண்டு, தொழில்நிலை 6 ஆண்டு, உயர்நிலை 4 ஆண்டு. ஆக 14 ஆண்டுகள். கேட்டவுடன் பெற்றோருக்குத் தலை சுற்றும். ஆயினும் உயர்நிலைக்குத் தனி நுழைவுத் தேர்வு இருப்பதால், வேறிடத்திற் கற்றவரும் அதிலே தேறினால் நேரே புகலாம். இசைக் குறியீடு, சுரக்கோப்பு, வரலாறு, பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணைவாசித்தல் ஆகியவை அங்கே பாடங்கள்.

“பள்ளிக்கூடத்தில் இருந்தா பாக்கோ டி லூசியா வந்தார்?” என்று கேட்பவர்கள் உளர். வந்தாரல்லர். 1947இல் அல்ஹெசீராஸ் என்னும் துறைமுக ஊரிலே பிறந்த அவருக்கு ஆசிரியர் தந்தையே. இரவு இரவாக மதுச்சாலைகளிலே கிற்றார் வாசித்துக் குடும்பத்தைக் காத்த அத்தந்தை, மகனையும் அதிலேயே ஊன்றச் செய்தார். சிறுவன் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணிநேரம் பயின்றான் என்பர். தெருவிலே பாக்கோ என்ற பெயருடைய பிள்ளைகள் பலர் இருந்தமையால், “லூசியாவின் பாக்கோ” என்று தாயின் பெயராற் சுட்டப்பட்டான். அதுவே உலகறிந்த பெயராயிற்று. இசைக் குறியீட்டைத் தங்குதடையின்றி வாசிக்கப் பழகாத அவர், 1991இல் ஹொவாக்கின் ரொட்ரீகோவின் அரன்ஹுவெஸ் இசைக்கோவையை வாத்தியக் குழுவுடன் வாசித்தார்; கட்புலன் இழந்த முதியவராகிய ரொட்ரீகோ நேரிலே இருந்து கேட்டார். 2010இல் பொஸ்டன் நகரத்துப் பேர்க்லி இசைக்கல்லூரி அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. அவரோடொத்த பெரியவர் மனோலோ சன்லூக்கார், தந்தையோடு பாண் சுட்டுக்கொண்டே கிற்றார் பயின்றவர்.

இவற்றை எடுத்துக்காட்டி மருமகனும் என்னுடன் வாதாடினான். நான் ஒன்றையே கேட்டேன்: “அந்தத் தந்தை உனக்கு எங்கே இருக்கிறார்?” கிற்றார் வாசிக்கும் தகப்பன், பாடும் தமையன், கைதட்டும் பெரியம்மா, விருந்துதோறும் ஆடும் அயலார் என்று ஊரே கல்லூரியாக வாய்த்தவனுக்கு வேறு கல்லூரி வேண்டியதில்லை. நாதஸ்வர வித்துவானின் பிள்ளை கோயில் வீதியிலே தாளம் போட்டு வளர்வது போன்றது அது. ஒல்லாந்திலே மாடிவீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்துப் பழகும் பிள்ளைக்கு அந்த ஊரைக் கட்டித்தர வேண்டும். நல்ல கல்லூரி செய்வது அதுவே. ஆகையால் ஆட்டக்காரரும் பாட்டுக்காரரும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலாத கல்லூரி எத்துணைப் புகழ்பெற்றதாயினும் பிளமெங்கோவுக்கு ஆகாது என்பது என் துணிபு.

இத்துணிபு எனக்கு ஹெரெஸ் நகரிலே உண்டாயிற்று. அங்கே 1997 முதல் மாசி முடிவிலும் பங்குனித் தொடக்கத்திலும் பிளமெங்கோ விழா நடைபெற்று வருகின்றது. உலகெங்குமிருந்து ஆட்டம் கற்க வருவர். யப்பானியர் தொகை வியக்கத்தக்கது. மருமகனையும் அழைத்துக்கொண்டு சென்றேன். ஓர் ஆடற்பள்ளியிலே மூலையில் மரக்கதிரை ஒன்றில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த கிற்றார்க்காரர், என் வேண்டுகோளுக்கிணங்கி அவனுக்கு இடம் விட்டுக்கொடுத்தார். சொலெயா என்னும் வகை. பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட வட்டம். அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில். பையன் இசைத்தட்டிலே கேட்டுப் பயின்ற இசைப்பகுதி ஒன்றைப் பிசகின்றி, முத்துக் கோத்தாற்போல் வாசித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடையிலே ஆட்ட ஆசிரியை காலால் ஒரு குறிப்புக் கொடுத்தாள். “முடித்துக் கொடு, நான் திரும்பப் போகிறேன்” என்பது அதன் பொருள். யமாதா என்று அதற்குப் பெயர். அழைப்பு என்று தமிழிற் சொல்லலாம். இவன் அதனைக் கேட்டானல்லன். தன் இசைப்பகுதியை முடிப்பதிலேயே கண்ணாயிருந்தான். ஆட்டம் நின்றது. முப்பது மாணவிகளும் நின்றனர். அவன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை, கடியவுமில்லை. மூலைக் கிற்றார்க்காரர் கருவியை வாங்கிக்கொண்டு, கைதட்டுமாறு சைகை காட்டினார். மூன்று நாள் அவனுக்குக் கைதட்டுவதே பாடம். உள்ளங்கைகள் சிவந்து போயின. நான்காம் நாள் கருவி மீண்டும் கைக்கு வந்தபோது அவன் தன் விரல்களைப் பார்க்கவில்லை. ஆசிரியையின் பாதங்களைப் பார்த்தான். வாசித்தது முன்னையதிற் பாதிகூட இல்லை. ஆட்டம் நிற்கவில்லை. அன்று மாலை கடைத்தெருவிலே நடந்துவரும்போது, “மாமா, இவ்வளவு நாளும் நான் தனியக் கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்” என்றான்.

பழைய கிற்றார்க்காரர் கொண்ட வரிசையும் இதுதான்: முதலில் ஆட்டத்துக்கு வாசித்தல், பின்னர் பாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் பின்னரே தனிக் கச்சேரி. தனிக் கச்சேரியே புதிய வழக்கம். ரமோன் மொன்தோயா பாரிஸிலே தனிக் கிற்றார் இசைத்தட்டுக்களைப் பதிவுசெய்தது 1936இல். அதற்குமுன் நெடுங்காலம் பாடகருக்கு வாசித்தே அவர் பெயர் பெற்றார். செந்நெறிக் கிற்றார்க்காரரிடமிருந்து நுட்பங்களை எடுத்துத் தம் வாசிப்பிலே சேர்த்தவரும் அவரே. “ஏட்டுக்கல்வி பட்டால் பிளமெங்கோ கெட்டுவிடும்” என்போர் இதனை நினைத்தல் நன்று.

இனித் தமக்கையாரின் வினாவுக்கு வருவோம். காசு வாங்கினாற் கலை கெடும் என்ற எண்ணம் அந்நாட்டிலும் இருந்தது. 1922இல் கிரனாடா நகரத்து அல்ஹம்பிராவிலே, இசைமேதை மனுவெல் டி பாயாவும் இளங்கவிஞர் லோர்காவும் முன்னின்று நடத்திய பாட்டுப் போட்டியில், 21 வயதுக்கு மேற்பட்ட தொழிற் பாடகருக்கு இடமில்லை. பரிசு பெற்றவருள் ஒருவனாகிய மனோலோ கரக்கோல் என்னும் சிறுவன் பின்னாளில் என்ன ஆனான்? நாடறிந்த தொழிற் பாடகன் ஆனான். அறிஞர்கள் எண்ணுவது ஒன்று. அடுப்பு எண்ணுவது வேறொன்று.

ஹெரெஸ் ஆடற்பள்ளியின் மூலைக் கிற்றார்க்காரரை ஒருநாள் கோப்பிக் கடையிலே அமர்த்தி, அவர் வரும்படியைக் கணக்குப்பிள்ளையின் கண்கொண்டு விசாரித்தேன். மனமுவந்து கூறினார். காலையிலே ஆடற்பள்ளியில் இரண்டு வகுப்பு; மாலையிலே வீட்டுக்கு வரும் மாணவர்; வாரத்தில் மூன்றிரவு, தப்லாவோ எனப்படும் உணவுடன்கூடிய ஆடலரங்கு; கோடையிலே ஓர் ஆட்டக் குழுவுடன் பயணம். தனிக் கச்சேரி ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. “அது வரும்படியிற் சேராது” என்று சிரித்தார். உல்லாசப் பயணிகளை நம்பிய அரங்குகள் நிலையற்றவை. மட்றிட்டிலே புகழுடன் விளங்கிய காசா பத்தாஸ் என்னும் அரங்கு 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூடுண்டது. அக்காலத்திலே தமக்கும் ஒரு சதமேனும் வரவில்லை என்றார். “ஆயினும் நான் இப்போது அச்சமின்றி இருக்கிறேன். அரசாங்க ஆடற்கல்லூரிகளிலே கிற்றார் ஆசிரியர் பதவிகள் உண்டு. போட்டித் தேர்வு எழுதவேண்டும். எழுதுவதற்கு உயர்நிலைப் பட்டம் வேண்டும். பட்டம் என்னிடம் இருக்கிறது. இவ்வாண்டு எழுதுகிறேன்.”

இதைத் தமக்கையாரிடம் சொன்னபோது அவர் குரல் மாறியது. “அரசாங்க உத்தியோகமோ? பென்சனும் உண்டோ?” என்றார். யாழ்ப்பாணத்து உள்ளத்தைப் பிளமெங்கோ வெல்வதற்கும் ஒரு வழி இருக்கவே செய்கின்றது!

செலவையும் மறைக்கலாகாது. ஒல்லாந்திலே 2024ஆம் ஆண்டு தொடங்கிய கல்வியாண்டிற்கு, ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர் கட்டவேண்டிய சட்டப்படியான கட்டணம் 2,530 யூரோ. வெளிநாட்டவருக்கு அது பன்மடங்கு. இங்கிருந்து பிள்ளையை அனுப்ப எண்ணுவோர் இதனை முதலிலே விசாரித்தல் வேண்டும். கைத்தொழிலாளர் செய்த நல்ல கருவி சில ஆயிரம் யூரோ ஆகும். பின்னர் ஸ்பானிய மொழி. பாட்டின் சொல் விளங்காதவன் பாடகர் மூச்செடுக்கும் இடத்தை எப்படி அறிவான்? கைக்கும் காவல் வேண்டும். மருமகன் இப்பொழுது பாத்திரம் கழுவுவதில்லை, நகம் உடையுமாம். இது கலையா, சாக்கா என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் மிகைப்பயிற்சியாற் கை நரம்பு கெட்டு வாசிப்பை விட்டோர் எல்லா இசைத் துறைகளிலும் உளர், அது விளையாட்டன்று.

பையன் பொறியியலை விட்டுவிட்டான். தாய் சம்மதித்தது இரண்டு நிபந்தனைகளின் பேரில்: நுழைவுத் தேர்வுக்கு ஒரே ஆண்டு அவகாசம், அதுவரை கைச்செலவை அவனே தேடிக்கொள்ளல். செவ்வாய், வியாழன் மாலைகளிலே றொட்டர்டாமில் ஓர் ஆடற்பள்ளியின் மூலையிலே அமர்ந்து வாசிக்கிறான். முதல் மூன்று மாதம் சம்பளமில்லை; இப்பொழுது வகுப்புக்கு இருபத்தைந்து யூரோ கொடுக்கின்றனர். தேர்வு ஆனி மாதத்தில். அவன் நாடும் கல்லூரியிலே பாடகர் ஒருவருக்குத் துணைவாசித்துக் காட்டவும் வேண்டுமாம். ஆட்டக்காரர் அந்நகரிலே பலர் உளர், பாட்டுக்காரர் அரியர். இரண்டு கிழமையாக ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.