பாரதி சாலையில் ஒரு பாடம்

சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் திருவல்லிக்கேணியை எட்டிப் பாராமல் திரும்புவது நமக்கு வழக்கமில்லை. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் ஒருங்கே விளங்கும் பழம்பெரும் பகுதி அது. மகாகவி பாரதியார் 1921-இல் கண்மூடியதும் இங்கேதான். அவர் பெயர் தாங்கிய சாலை முன்னாளில் பைகிராஃப்ட்ஸ் சாலை. அதன் நடைபாதையில் விரிக்கப்படும் பழைய புத்தகங்களே நம்மை இழுப்பவை.

அன்று ஞாயிறு மாலை. குனிந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம். அச்சிட்ட எழுத்தினும், முன்பு வைத்திருந்தவர்கள் பக்க ஓரங்களில் எழுதிச் சென்ற கருத்துகளே நம் கண்ணைக் கவர்ந்தன. சமையல் நூலில், "புளி பாதி போதும்." கணக்கு நூலில், "விடை தவறு. மும்முறை போட்டுப் பார்த்தேன்." வரலாற்று நூலொன்றில் நீல மையில், "ஒருதலைப்பட்சம்", அதன்கீழே பென்சிலில் வேறொரு கை, "அடுத்த அதிகாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லும்!"

படித்துக் கருத்துச் சொல்லும் மரபு இவ்வூருக்குப் புதிதன்று. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயரின் ஏடுகள் தாக்கியபோது, திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் வாளாவிருக்கவில்லை. கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878-இல் 'தி இந்து'வை வார இதழாகத் தொடங்கினர்.

இவற்றை எண்ணியவாறே புரட்டுகையில் ஒரு நாவல் அகப்பட்டது. பெயரைக் கண்டதும் நெஞ்சு குறுகுறுத்தது. சில மாதங்களுக்குமுன் நம் பங்கின் கல்லூரி மாணவி ஒருத்தி அதைக் கையில் வைத்திருந்தாள்.

"இது நல்ல புத்தகமில்லையம்மா" என்றோம்.

"சாமி படித்தீர்களா?" என்று கேட்டாள்.

படித்ததில்லை, யாரோ சொல்லக் கேட்டதுதான். ஆயினும், "படிக்காமலே தெரியும்" என்று அனுப்பிவிட்டோம். அதன்பின் அவள் நம்மிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசியதில்லை.

ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கி, இரவு ரயிலிலேயே படித்து முடித்தோம். சில இடங்கள் இன்றும் நமக்கு உடன்பாடல்ல. ஆனால் கணவனை இழந்த ஒருத்தியின் பசியை அது சொன்ன விதம் நம் உறக்கத்தைக் கலைத்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் முன்னைய வாசகர் ஒருவர், "என் அம்மா" என்று மட்டும் எழுதியிருந்தார்.

திருச்சபை 1559 முதல் பேணிவந்த தடைநூல் பட்டியலின் சட்ட வலிமையை 1966-இல் நீக்கி, தேர்ந்து தெளியும் பொறுப்பை விசுவாசிகளின் மனச்சான்றிடம் ஒப்படைத்தது. நாம் பிறக்குமுன்பே மூடிய பட்டியலை நம் நாவில் அல்லவா திறந்து வைத்திருந்தோம்!

ஊர் திரும்பியதும் அம்மாணவியிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, நூலையும் நீட்டினோம். அவள் வாங்கவில்லை. "உங்களுக்குப் பிடிக்காத இடங்களைக் கோடிட்டுக் கொடுங்கள், சாமி, அப்புறம் பேசலாம்" என்றாள். இப்போது பென்சிலும் கையுமாக இருக்கிறோம்.

அன்புப் பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள புத்தகம் ஐயத்தை எழுப்பினால், பறிப்பதற்குமுன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதன்பின் நீங்கள் சொல்லும் சொல்லுக்குப் பிள்ளை செவிசாய்க்கும்.