ஏரிக்கரை நகரங்கள் - 6: பாலம் மறித்த காலை

டுலூத் நகரத்து மேட்டில் நின்று சுப்பீரியர் ஏரியைக் கடலென்று நினைத்து ஏமாந்ததைச் சென்ற இதழில் சொன்னேன். மறுநாள் காலை, அந்த ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஏழு மைல் நீளும் மணல்திட்டுக்குப் போய்வரக் கிளம்பினேன். போவதில் சிரமமில்லை. திரும்பும்போதுதான், திட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் கப்பல் கால்வாயின் பாலத்தருகே மணி அடித்தது, தடுப்புக்கட்டை இறங்கியது.

முன்னால் நின்ற காரில் இருந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். பழகியவர். இப்படி மாட்டிக்கொள்வதற்கு 'பிரிட்ஜ்டு' என்று ஊர்க்காரர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். தாமதமாக வருகிறவருக்கு எவ்வளவு வசதியான சொல்!

1871இல் டுலூத் இந்தக் கால்வாயை வெட்டிக்கொண்டது. அதுவரை கப்பல்களுக்கு வழி, எதிர்க்கரை சுப்பீரியர் நகரத்துப் பக்கம் இருந்த இயற்கை முகத்துவாரம்தான். ஊருக்குத் துறைமுக வாசல் கிடைத்தது. திட்டில் குடியிருந்தவர்கள் ஒரே வெட்டில் தீவுக்காரர்கள் ஆனார்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த பனிமேல் நடை. 1905இல் வந்த ஏற்பாட்டைப் பாலம் என்பதா என்று தெரியவில்லை. பிரான்சின் ருவான் நகரத்தில் இருந்ததைப் பார்த்து, உயரத்தில் ஒரு இரும்புச் சட்டம் கட்டி, அதிலிருந்து ஒரு பெரிய கூண்டைத் தொங்கவிட்டார்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கூண்டு அக்கரைக்கு நகரும். மோட்டார் கார்கள் பெருகியதும் அது திணறியது. 1929-30இல் கூண்டைக் கழற்றிவிட்டு, 386 அடி நீளத் தளத்தை மாட்டி, தூக்குப் பாலமாக்கினார்கள்.

அந்தத் தளம்தான் இப்போது என் கண்முன்னே சாலையோடு சேர்ந்து அப்படியே மேலே போனது. இரு முனையிலும் கான்கிரீட் எடைகள் கீழே இறங்கின. கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல் கட்டுகிற அதே கணக்கு; மோட்டாருக்குப் பெரிய வேலையில்லை.

இரும்புத்தாது ஏற்ற வந்த வெறுங்கப்பல். ஆயிரம் அடி நீளம், 105 அடி அகலம். கால்வாயின் அகலமோ வெறும் 300 அடி. கைப்பிடிச் சுவரருகே நின்ற எனக்கு, எதிர்வீட்டு மதில் நகர்வதுபோல் இருந்தது. ஒரு நெடிய ஊதல், இரண்டு குறும் ஊதல்: கேப்டனின் வணக்கம். பாலமும் அப்படியே திருப்பி ஊதியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டே சிரித்தது.

கப்பல் போயும் தளம் இறங்கவில்லை. மணி பத்தரை. உல்லாசப் படகுகளுக்கு அரைமணிக்கு ஒருமுறை திறப்பது வழக்கமாம். ஏரிப் பக்கமிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முன்கார்க்காரர் இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார்.