இந்த வருஷமாவது ஜெயிப்பார்களா?



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு "நான் ஆவலோடு எதிர்பார்க்கும் நாள்" என்ற தலைப்பில் எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தீபாவளி என்று எழுதிவிட்டார்கள். மீதிப்பேர் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழா என்று எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது காலேஜ் அண்ணன்மார் விளையாடும் ஃபுட்பால் போட்டியைப் பற்றி. "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

இன்னொரு விஷயம். என் கையெழுத்து இந்தத் தடவை கோணல்மாணலாக இருக்கும். வலது கை நடுவிரல் வீங்கியிருக்கிறது. அது ஏன் வீங்கியது என்பதும் இந்தக் கட்டுரையில் வரும்.

என் அண்ணன் திண்டுக்கல்லில் ஒரு கலைக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். காலேஜ் ஃபுட்பால் டீமில் நடுக்களத்தில் விளையாடுகிறான். விடிகாலை நான்கு மணிக்கு அம்மாவோடு மல்லிகைப் பூ எடுக்கப் போவான். ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தால் ஆறரைக்கு கிரவுண்டில் நிற்பான். முதல் பஸ்ஸை நம்பினால் பிராக்டிஸ் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அவன் வேர்வையிலும் மல்லிகைப்பூ வாசம் அடிக்கிறது என்று அவன் கூட்டாளிகள் கேலி பண்ணுவார்களாம்.

காலேஜ் டீமுக்கும் டி.வி.யில் பார்க்கிற டீமுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டி.வி. டீம்கள் ஆள் குறைந்தால் காசு கொடுத்து ஆள் வாங்கும். காலேஜில் அது நடக்காது. ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். ஜூன், ஜூலையில் யார் புதிதாகச் சேருகிறார்களோ அவர்களை வைத்துத்தான் அணி. அதனால் போன வருஷம் ஜெயித்தவர்கள் இந்த வருஷம் ஜெயிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இந்தப் போட்டி பிடித்ததற்கு இதுதான் முதல் காரணம்.

போட்டி எப்படி நடக்கும் தெரியுமா? மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் மாவட்டங்களில் உள்ள கலைக்கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இது 1966-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1881-ல் ஆரம்பித்த மதுரை அமெரிக்கன் கல்லூரியும், 1889-ல் ஆரம்பித்த மதுரைக் கல்லூரியும், 1970-ல் ஆரம்பித்த கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியும், நம்ம ஊர் ஜி.டி.என். கல்லூரியும் இதில்தான் இருக்கின்றன. பி.எஸ்.என்.ஏ. மாதிரி இன்ஜினியரிங் காலேஜ்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் அவர்களுக்குத் தனிப் போட்டி. சின்னாளபட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராமம் தானே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதனால் அது தன் அணியை நேராகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்பலாம்.

கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டியில் நன்றாக விளையாடுபவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே கேரளாக்காரர்கள் காத்திருப்பார்கள். அகில இந்தியக் கோப்பையைப் பலமுறை ஜெயித்த கோழிக்கோடு பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. அந்த அணியில் ஒரு ஆளாகப் போய்விட்டால் கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது என்று நம்ம பி.இ.டி. சார் சொன்னார். ரயில்வேயிலும் போலீசிலும்கூட விளையாட்டு வீரர்களை எடுக்கிறார்களாம்.

ஆனால் அண்ணன் காலேஜ் விளையாடும் முதல் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

போன வருஷம் அதுதான் நடந்தது. முதல் மேட்ச். இரண்டு பக்கமும் ஒரு கோல். டை-பிரேக்கர் வந்தது. எதிர் அணி ஐந்து அடித்து ஐந்தும் கோல். அண்ணன் அணி நான்கு அடித்து நான்கும் கோல். ஐந்தாவது அடிக்க அண்ணன் போனான். கோல்கீப்பர் சரியாக அந்தப் பக்கமே பாய்ந்து பிடித்துவிட்டார். முடிந்தது! ஒரு வருஷப் பிராக்டிஸ் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடவில்லை. அப்பத்தா மட்டும், "ஒரு பந்துக்காடா இம்புட்டு அழுவாச்சி? கடையில போயி வேற வாங்கிக்க" என்றது.

நான் அவனுக்கு மெஸ்ஸி கதையைச் சொன்னேன். 2016-ல் கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியில் மெஸ்ஸியே டை-பிரேக்கரில் பந்தை மேலே அடித்துவிட்டார். இனி நாட்டுக்காக விளையாட மாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். அப்புறம் மனசு மாறித் திரும்பி வந்தார். 2021-ல் அதே கோப்பையை ஜெயித்தார். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் டை-பிரேக்கர் வந்தது. அர்ஜென்டினாவுக்காக முதல் ஆளாகப் போய் அடித்தவர் மெஸ்ஸிதான். கோல்! அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு மெஸ்ஸி பாப்பா, நான் மல்லியப்பூ எடுக்கிறவன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இந்த வருஷப் போட்டி ஆவணியில் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்த அணி எப்படி இருக்கிறது? நான் ரஃப் நோட்டில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி, கோல்கீப்பர். பழைய கீப்பர் படிப்பு முடித்துப் போய்விட்டார். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்திருக்கிறானாம். நல்ல உயரமாம். ஆனால் எட்டடி உயரமும் இருபத்து நான்கு அடி அகலமும் உள்ள கோலுக்கு உயரம் மட்டும் போதாது. பந்து வருவதற்கு முன்னால் "நீ அவனப் புடி, நீ இவனப் புடி" என்று சீனியர்களையே அதட்ட வேண்டும். புதுப் பையனுக்கு அந்தத் தைரியம் இருக்கிறதா என்று முதல் மேட்சில்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி, காற்றும் தரையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பந்து பறக்காதா? நம்ம திண்டுக்கல் பக்கம் இந்த மாசத்துக் காற்றில் உயரமாக அடித்த பந்து அடித்தவன் தலைக்கே திரும்பி வருகிறது. தரையும் காய்ந்து கிடப்பதால் பந்து துள்ளித் துள்ளி ஓடுகிறது. போன வருஷம் இவர்கள் நீளமாக அடித்தே விளையாடினார்கள். இந்த வருஷம் பக்கத்தில் இருப்பவனுக்குத் தரையோடு தள்ளி விளையாடப் பழகுகிறார்களாம். காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் இதுதான் கை கொடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது கேள்வி, பெனால்டியை யார் அடிப்பார்? இந்தக் கேள்விக்கு எனக்கு மட்டும்தான் பதில் தெரியும். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கோடை லீவில் ஒருநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். எங்க ஊர் கம்மாய் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. இரண்டு கருவேலங் குச்சியை நட்டு, பன்னிரண்டு கஜத்தை அடியெடுத்து அளந்து, "நீ கோலுல நில்லு பாப்பா" என்றான். "பொட்டப்புள்ள பந்துக்கு முன்னாடி நிக்கிறதா? மூக்கு உடைஞ்சா எவன் கட்டுவான்?" என்று அப்பத்தா கரையில் நின்று கத்தியது. நான் நின்றேன்.

இருபது தடவை அடித்தான். ஒன்பது பந்தைப் பிடித்துவிட்டேன்! நான் பெரிய கீப்பர் இல்லை. ஆனால் நாலைந்து பந்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. அண்ணன் ஓடி வருவதற்கு முன்னால் எந்த மூலையில் அடிக்கப் போகிறானோ அந்த மூலையை ஒரு தடவை பார்க்கிறான். அப்புறம் பந்தைப் பார்க்கிறான். அப்புறம் பார்த்த இடத்திலேயே அடிக்கிறான். போன வருஷம் அந்தக் கீப்பரும் இதைத்தான் பார்த்திருப்பார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

ஏன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி அப்பா மில் ஷிப்டு முடிந்து வந்து அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "இந்த வருஷம் யுனிவர்சிட்டி டீமுக்குப் போனான்னா பி.பி.எட். படிக்கட்டும். இல்லாட்டி எங்கூட மில்லுக்கு வரட்டும். அவன் சம்பளம் வந்தா பாப்பாவ நர்சிங் படிக்க வச்சிரலாம். ரெண்டு பேரையும் ஒருசேர என்னால முடியாது" என்றார். அப்பா மேல் தப்பில்லை. வாங்கின கடன் அப்படி.

நம்ம தெருவில் பத்தாவதோடு நின்ற அக்காமார் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அண்ணன் தோற்றால் நான் படிக்கலாம். என் மனசு அப்படிக் கணக்குப் போட்டது. நான்கு நாள் சும்மா இருந்தேன். தினமும் கம்மாயில் நின்று அண்ணனின் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பந்தைப் பிடித்தேன்.

ஐந்தாவது நாள் அண்ணன் பந்து மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நீயே புடிச்சுடுற. அவனுங்க விடுவானுங்களா? இந்த வருஷம் பெனால்டி அடிக்க மாட்டேன்னு சார்கிட்ட சொல்லிரப் போறேன்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணன் தோற்றுத்தான் நான் படிக்க வேண்டும் என்றால், அந்தப் படிப்பு என் மண்டையில் எப்படி ஏறும்?

"அண்ணே, நீ அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த மூலையப் பாக்குற. அதை வச்சுத்தான் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "எப்பருந்து தெரியும்?" என்று கேட்டான். "மொத நாள்ல இருந்து" என்றேன். தலையில் ஒரு கொட்டு வைத்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் நம்ம பள்ளிக்கூடத்துச் சுவரைப் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!

இப்போது அண்ணன் மூலையைப் பார்ப்பதில்லை. பந்தை வைக்கும்போதே மனசுக்குள் இடத்தை முடிவு செய்துவிடுகிறான். அப்புறம் பந்தை மட்டும் பார்த்து ஓடி வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை இருபதில் மூன்றுதான் என்னால் தடுக்க முடிந்தது. அந்த மூன்றாவது பந்தில்தான் இந்த விரல் வீங்கியது. இவ்வளவு சந்தோஷமாக எனக்கு எதுவும் வலித்ததில்லை.

அண்ணன் ஜெயித்தால் என் படிப்பு என்ன ஆகும்? தெரியவில்லை. ஆனால் அம்மாவிடம், "நான் பத்தாவதுல நல்ல மார்க் வாங்கிருவேன், என்னையும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா பூ கட்டிக்கொண்டே, "மொதல்ல வாங்கு, பாப்போம்" என்றது. அண்ணனுக்கு ஆவணி போல எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதுவும் நாக்-அவுட்தான்.

கடைசியாக நம்ம தலைமையாசிரியர் அய்யாவுக்கும் பி.இ.டி. சாருக்கும் ஒரு வேண்டுகோள். 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை ஜெயித்தது பக்கத்தில் இருக்கும் மதுரையின் சேது எஃப்.சி. அணிதான். தேசிய சீனியர் பெண்கள் போட்டியைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் ஜெயித்திருக்கிறது. யூனியன் ஸ்கூலாக இருந்த நம்ம பள்ளி உயர்நிலைப் பள்ளியாகிவிட்டது. பெண்களுக்கு கோ-கோவும் த்ரோபாலும் இருக்கிறது. ஒரே ஒரு ஃபுட்பாலும் வாங்கித் தாருங்கள். கோல் கம்பம்கூட வேண்டாம், கருவேலங் குச்சி நாங்கள் கொண்டு வருகிறோம். கீப்பர் தயாராக இருக்கிறாள், விரல் வீக்கம் வடிந்தவுடன்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: முதல் மேட்சைத் தாண்டிவிட்டால் இந்த அணி ரொம்ப தூரம் போகும். தாண்டாவிட்டாலும், டை-பிரேக்கர் வந்தால் ஐந்தாவது பந்தை அடிக்கப் போவது என் அண்ணன்தான். சார்கிட்ட அவனே கேட்டு வாங்கிவிட்டான்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி