தொம்பை, பரண், பீரோ

காரவள்ளி மலையடிவாரம். அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். சிமென்ட் மூட்டை, கம்பி, டைல்ஸ் பெட்டி, இரும்பு பீரோ, கட்டில், மெத்தை எல்லாம் அந்த வளைவுகளில் ஏறித்தான் கொல்லிமலை வீடுகளுக்குள் நுழைகின்றன. இறங்குகிற வண்டிகளில் வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு. ஏறுவது எது, இறங்குவது எது என்று ஒரு நாள் நின்று கவனித்தாலே, கடந்த நாற்பது ஆண்டுகளில் மலை வீடுகளின் உட்புறம் ஏன் இப்படி மாறியது என்பது பாதி விளங்கிவிடும்.

வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் அபிப்பிராயம் இல்லாத ஆள் மலையிலும் இல்லை, கீழேயும் இல்லை. தரைக்கு டைல்ஸா, காவி பூசிய சிமென்ட்டே போதுமா? அடுப்பு உள்ளே இருக்கலாமா, பின்பக்கம் சாய்ப்பு இறக்கி அங்கே வைப்பதா? டி.வி.க்கு எந்தச் சுவர்? இதெல்லாம் எப்படியோ பேசி முடிந்துவிடும். முடியாமல் இழுக்கிற கேள்வி ஒன்று உண்டு: தானிய மூட்டையை எங்கே போடுவது? பெரியவர்களுக்கு மூட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். அதுதான் வீட்டுக்கு நிறைவு. படித்துவிட்டு நாமக்கல்லிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு, வந்தவர் உட்காருகிற இடத்தில் சாக்கு அடுக்கியிருந்தால் வீடு வீடாகவே தெரிவதில்லை. யார் பேச்சிலும் தவறில்லை. இரண்டுக்கும் இடம் கொடுக்காத வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொல்லிமலை, வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேளூர்நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 40,000 பேர். மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். தமிழ்தான் அவர்கள் பேச்சு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே குளிர், மழை, மூடுபனி மூன்றும் சேர்ந்த ஊர்களில் அவர்கள் கட்டிக்கொண்ட பழைய வீடு, பார்க்கச் சின்னது. மூங்கில் பிளாச்சு பின்னி இருபுறமும் மண் அப்பிய சுவர், புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. அலமாரி இல்லை, கட்டில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் இடம் இருந்தது. பாய் சுருட்டிச் சாத்தப்படும் மூலை, துணி போடும் கொடி, கூரையிலிருந்து தொங்கும் உறி, விளக்குக்குச் சுவரில் குடைந்த மாடம், அடுப்புக்கு நேர் மேலே பரண்.

இவற்றுக்கெல்லாம் பெரியது தொம்பை.

கல் அடுக்கியோ மரக்கால் நட்டோ தரையிலிருந்து உயர்த்திய மேடை. அதன்மேல் மூங்கிலால் பின்னி, செம்மண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் பூசிய கூடு. தலைக்கு மேல் புல் கூரை. உள்ளே சாமை, கேழ்வரகு, தினை, நெல். வாயை மூடி மண்ணால் பூசிவிட்டால் எலி நெருங்காது, ஈரம் ஏறாது, பூச்சி சுலபத்தில் புகாது. மேடை உயர்வாக இருப்பதால் தரைக் குளிர்ச்சி தானியத்தைத் தொடுவதில்லை. சுவர் மண்ணாக இருப்பதால் வெளியில் எத்தனை மழை அடித்தாலும் உள்ளே வியர்ப்பதில்லை. பனிமூட்டம் நாள்கணக்கில் நிற்கிற மலையில் இதைவிடப் பொருத்தமான களஞ்சியத்தை இன்றைய பொறியாளர் வரைந்து காட்டினால் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சாமையை உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய அரிசி சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஆகவே உமியோடு சேர்த்து வை, வேண்டும்போது எடுத்துக் குத்து என்பதே வீட்டு ஒழுங்கின் முதல் விதி. உரல் வாசலில் கிடப்பதும், உலக்கை எட்டும் இடத்தில் சாத்தியிருப்பதும், முறமும் சல்லடையும் தாழ்வாரத்தில் தொங்குவதும் இந்த விதியிலிருந்து வந்தவை. உண்ணும் தானியம் ஒரு கணக்கு, விதை வேறு கணக்கு. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று வெவ்வேறு காலத்தில் விளைகிற ரகங்களைக் கலக்காமல் வைக்க வேண்டும். விதைக்கதிரும் சோளக்கருதும் அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கின. அவரை, துவரை விதைகளுக்குச் சாம்பலோ செம்மண்ணோ காவல். எந்த விதை எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்கு இருட்டிலும் தெரியும். வீட்டை ஒழுங்குபடுத்துவது என்று இன்று பத்திரிகைகள் எழுதுகிற கலையில் இவ்வளவு நுட்பம் அபூர்வம்.

இந்த ஒழுங்குக்குப் பெண்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. சாமையின் உமி லேசில் பிரியாது. ஒரு வேளைச் சோற்றுக்கு உலக்கை பிடித்துக் கை காய்த்தது அவர்களுக்குத்தான். விதையைக் காத்த அதே புகை அவர்கள் நெஞ்சுக்குள்ளும் போனது. வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி போன்றவற்றின் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சாணத் தரையின் குளுமையைப் புகழ்கிறவர்கள், அதை வாரந்தோறும் குனிந்து மெழுகியது யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் முதலாக எரிவாயு அடுப்பு ஏழை வீடுகளுக்கும் வந்தது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல எந்தப் பழமைப் பற்றுக்கும் உரிமை இல்லை.

சரி, தொம்பை ஏன் போனது? வீட்டுக்குள் யாரோ சுத்தம் செய்ததால் போகவில்லை. காட்டில் பயிர் மாறியதால் போனது. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருந்தது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-ல் சேலத்தில் உருவானது. மலைச்சரிவில் சாமை நின்ற காடுகள் மரவள்ளிக்கு மாறின. மரவள்ளியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பிடுங்கினால் இரண்டொரு நாளில் கெடத் தொடங்கும். லாரி ஏற்ற வேண்டும், பணம் வாங்க வேண்டும். பணத்துக்குத் தொம்பை எதற்கு?

மறுபக்கம் சோறு ரேஷன் கடையிலிருந்து வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய ஏற்பாடு அது. மலை மக்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். அதோடு வீட்டின் காலக்கணக்கும் மாறிப்போனது. ஓர் ஆண்டுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்த வீடு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வைக்கும் வீடானது. 20 கிலோ அரிசிக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும், ஒரு மூலை போதும்.

அந்த மூலையைத் தவிர மற்ற இடத்தை வேறு பொருள்கள் நிரப்பின. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மின்விசிறி பல மாதங்களுக்குத் தேவைப்படாத குளிர் ஊரிலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. திருமணச் சீராக பீரோ. அந்த பீரோவுக்குள் துணியைவிடக் கவனமாக வைக்கப்படுபவை காகிதங்கள்: குடும்ப அட்டை, ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று. பழங்குடிக் குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் என்பது பிள்ளையின் படிப்பும் வேலையும். முன்பு விதையை ஈரம் படாமல் காத்த அதே அக்கறை இப்போது அந்தக் காகிதத்தைப் பாலித்தீன் உறைக்குள் போட்டுக் காக்கிறது. அதுவும் நியாயமே.

வீடும் மாறியது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். பசுமை வீடு 300 சதுர அடி. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். முன்னறை, படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று ஐந்து பகுதிகள், ஐந்துக்கும் ஒவ்வொன்றாக ஐந்து சூரிய விளக்குகள். ஒழுகாத கூரை, கதவுள்ள கழிப்பறை, இரவில் வெளிச்சம். மழைக்காலத்தில் புல் கூரைக்கடியில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சமவெளியில் வாழ்கிறவர் எளிதில் உணர முடியாது. ஆனால் வரைபடத்தில் தானியத்துக்கு இடம் இல்லை. விளக்குக்கு ஓர் இடம் யோசித்தவர்கள் விதைக்கு யோசிக்கவில்லை. ராமநாதபுரத்துக்கும் கொல்லிமலைக்கும் ஒரே படம்.

அதன் விளைவுதான் இன்று காதில் விழும் சச்சரவு. சாமையோ நெல்லோ இன்னும் பயிரிடுகிற குடும்பம் மூட்டையைப் படுக்கையறையில் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிமென்ட் சுவர் வியர்த்து, சுவரை ஒட்டிய சாக்கு பூஞ்சை பிடிக்கிறது. மூட்டைக்கு எலி, எலிக்குப் பூனை, பூனைக்குப் பால் என்று வேலை நீள்கிறது. வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று பழி மட்டும் வீட்டுக்காரி தலையில். அவள் செய்த குற்றம் இதில் எதுவும் இல்லை.

ஜப்பானியப் பெண்மணி மரி கொண்டோவின் வீட்டு ஒழுங்கு நூல் முதலில் அவர் நாட்டில் வெளிவந்து, பிறகு உலகமெங்கும் பரவியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார், மனம் மகிழ்ந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் வழி. எல்லாவற்றையும் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய நகரத்து அடுக்குமாடிக்கு அது நல்ல வழி. விதையைத் திரும்ப வாங்க முடியாது. ஒரு குடும்பம் மல்லியச் சாமை விதையை விட்டுவிட்டால், அடுத்த குடும்பமும் விட்டிருந்தால், அந்த ரகம் அந்தச் சரிவிலிருந்தே போய்விடும். எனவே மலை வீட்டின் ஒழுங்கு கழிப்பதில் தொடங்க முடியாது. எதைக் காப்பது என்பதில்தான் தொடங்க வேண்டும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் உண்டு. 1990-களில் கொல்லிமலைக்கு வந்த அவர்கள், ஊர்களில் சமுதாய விதை வங்கி ஏற்படுத்தியபோது அதற்கு எடுத்துக்கொண்ட வடிவம் தொம்பைதான். விதை வாங்குகிறவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பார். உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் ஊருக்குள் வந்தன. உலக்கையின் பாரம் குறைந்தது. பெண்களின் உழைப்பைக் குறைத்துக்கொண்டே விதையைக் காக்க முடியும் என்பதற்கு இந்த மலையிலேயே சாட்சி இருக்கிறது. பழைய புகை வீட்டுக்கும் புதிய சிமென்ட் வீட்டுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இங்கிலாந்தில் பிறந்து, இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலைவாசிகள் கையருகே கிடைப்பதைக் கொண்டு கட்டுவதைப் பார்த்துப் பாடம் கற்றவர். பிறகு கேரளத்தில் அவர் கட்டிய வீடுகளில் சுவரே அலமாரி, சுவரே இருக்கை. செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே காற்றிடைவெளி விடும் அவருடைய எலிப்பொறிக் கட்டுச் சுவரால் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். வெயிலும் குளிரும் உள்ளே இறங்குவதும் குறையும். 70 வளைவு ஏற்றிக் கொண்டுவரும் செங்கல்லில் நான்கில் ஒன்று மிச்சம் என்றால் அந்தக் காசில் ஒரு பரண் போட்டுவிடலாம். 300 சதுர அடி வீட்டில் பீரோ, டி.வி. ஸ்டாண்ட், டீப்பாய் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தால் நடக்க இடமிருக்காது. சுவரில் குடைந்த மாடமும் ஜன்னலுக்கடியில் கட்டிய திண்ணையும் இடத்தை அடைக்காது. தரைக்கும் இதே யோசனைதான். மார்கழிக் காலையில் வழுவழு டைல்ஸில் வெறுங்கால் வைத்தவர்களுக்குத் தெரியும், காவி பூசிய தரை இந்தக் குளிருக்கு எவ்வளவு இதம் என்று. பார்வைக்கு அழகு என்பதற்காக மட்டும் கீழிருந்து ஏற்றிவர வேண்டிய பொருள் அல்ல டைல்ஸ்.

2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத பொருளாக இருந்தால் போதும், கூரை வீட்டுக்காரர் விருப்பம். திட்டம் போட்டவர்கள் எதை நினைத்து இந்த நெகிழ்வைக் கொடுத்திருந்தாலும், கொல்லிமலைக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. ஆறடிக்குப் பத்தடி. ஓடு வேய்ந்து, சுவரில் மேலே காற்றுக்குத் துளை விட்டு, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் மேடை கட்டினால் சாமை மூட்டையும் மிளகுச் சாக்கும் சுவரைத் தொடாமல் நிற்கும். ஒரு பக்கம் உத்தரத்தில் விதைக் குடுக்கைகள் தொங்கலாம். மழைநாளில் காப்பிக்கொட்டை காயவைக்க மறுபக்கத்தில் மூங்கில் தட்டி போடலாம். முன்னறையில் சாக்கு இருக்காது. பிள்ளைகள் கேட்டது கிடைத்துவிடும். மூட்டை வீட்டை விட்டும் போகாது. பெரியவர்கள் கேட்டதும் அதுதான். அந்த ஆறுக்குப் பத்தில் என்ன வர வேண்டும் என்பதை அடித்தளம் தோண்டும் முன்பே வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது ஒன்றியப் பொறியாளருக்கு அரை மணி நேர வேலை.