நடுவில் ஆள் இல்லாத வீடு

பசுவந்தனையைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களில், அம்மா இறந்த வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனால் ஊர் உடனே காரணம் சொல்லிவிடும்: நிலம், நகை, கடன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கிளம்புகிற சண்டைக்கு இவை நல்ல சாக்குகள்தான். நிலத்தில் ஒரு பகுதி அம்மா பெயரில் இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போனவளின் சொத்தில் கணவனும் பிள்ளைகளும் சம பங்காளிகள். நேற்றுவரை ‘ஏலே’ என்று கூப்பிட்ட மகனிடம் கையெழுத்துக் கேட்டு, ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் அப்பா காத்து நிற்க வேண்டியிருக்கிறது. ரோஷம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் சொத்துதான் வேர் என்று நான் ஒப்பமாட்டேன். சேர்ந்து உட்கார்ந்து அழத் தெரியாத இரண்டு ஆண்களின் துக்கம், கிடைத்த வழியில் சண்டையாக வெளியே வருகிறது.

பக்கத்து எட்டயபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. பின்னாளில் பாரதி ஆன, 1882-இல் பிறந்த சுப்பிரமணியனுக்கு ஐந்து வயதாகும்போது, 1887-இல், தாய் லட்சுமி அம்மாள் இறந்தார். தந்தை சின்னசாமி ஐயர் சமஸ்தானத்தில் செல்வாக்கானவர். கணக்கிலும் எந்திரத்திலும் பித்து. பருத்தி ஆலை வைத்து நொடித்தவர். மகனைத் தெருப் பிள்ளைகளோடு சேரவிடவில்லை. பிறகு இங்கிலீஷ் படிக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். 1898-இல் அவரும் போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் புதுச்சேரியில் இருந்தபோது வெளிவந்த பாரதியின் சுயசரிதைக் கவிதையைக் கவனமாகப் படித்தால் ஒன்று உறைக்கும். அந்தப் படிப்பின் மேல் உள்ள கோபம் பாட்டுப் பாட்டாகக் கொட்டுகிறது; அப்பாவுக்கு எவ்வளவு செலவு, தனக்கு எவ்வளவு தீமை என்று கணக்கே எழுதுகிறார். தாயின் சாவோ, தாத்தாவின் தமிழையும் சிவபக்தியையும் சொல்ல வந்த இடத்தில் போகிற போக்கில் வந்து மறைகிறது. ஆலை நொடித்ததற்கு அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்நியர் செய்த சூது என்று அவர் பக்கம் நின்றே பேசுகிறார். பணத்தைத் தொலைத்த அப்பாவை மன்னிக்க முடிந்த மகனால், தன்னை நெல்லைக்கு அனுப்பிய அப்பாவை மன்னிக்க முடியவில்லை. சொத்துதான் வேர் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கவிஞனுக்குக் கணக்கு கசக்கத்தான் செய்யும், தாய் இருந்திருந்தாலும் மோதியிருப்பார்கள் என்று சொல்லலாம். பாதி சரி. ஆனால் தந்தை இறந்தபின் அதே பையன் காசியில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கி, ஆங்கிலமும் வடமொழியும் இந்தியும் படித்து நுழைவுத் தேர்வில் தேறினான். கசந்தது படிப்பு மட்டுமல்ல. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: இருபத்தேழு வயதுத் தேசியவாதி, ஆங்கிலக் கல்வியைச் சாடுவதற்காகவே தன் பிள்ளைப் பருவத்தை அப்படி எழுதிக்கொண்டார் என்பது. அரசியல் அதில் இருக்கத்தான் செய்கிறது. அரசியலுக்குத் தேவைப்படாத ஒரு சிறுவனும் இருக்கிறான்: தன் வயதுப் பிள்ளைகள் மரமேறுவதையும் நீச்சலடிப்பதையும், அப்பாவுக்குப் பயந்து, தள்ளி நின்று பார்க்கிறவன். சின்னசாமி ஐயர் பக்கமும் நியாயம் உண்டு. மழையும் பருத்தி விலையும் மாறி மாறி ஏமாற்றுகிற கரிசலில், தாயில்லாப் பிள்ளைக்கு நிலையான ஒரு பிழைப்பைத் தேடிவைப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாசம். அது மகன் காதில் உத்தரவாக மட்டுமே விழுந்தது.

இன்றைக்கும் அதே கதைதான். மக்காச்சோளத்தில் படைப்புழு, உளுந்தில் அறுப்பு நேரத்து மழை, மிச்சத்துக்குக் காட்டுப்பன்றி. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறான். அம்மா இருந்தவரை போன் அவளுக்குத்தான் வரும். “மருந்தடிக்க ரெண்டாயிரம் வேணும், அவன்கிட்ட கேளு” என்று திண்ணையில் இருந்து அப்பா உறுமுவதை, “அப்பா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு, கையில இருந்தா அனுப்பு ராசா” என்று அவள் மாற்றிச் சொல்வாள். மகன் எரிந்து விழுந்ததை, “ராப்பகலா வேலையாம், பாவம்” என்று இந்தப் பக்கம் சேர்ப்பாள். பாதி பொய். அந்தப் பொய்யின் வழியாகத்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். அவள் போனபின் சொல் சலிக்கப்படாமல் நேரே வந்து விழுகிறது. “நிலத்தைக் குடுத்துட்டு இங்க வந்துருங்க” என்று மகன் சொல்வதில் உள்ள பயம் அப்பாவுக்குக் கேட்பதில்லை. அவள் களையெடுத்த நிலம் என்று சொல்ல வாய் வராமல், “இப்ப வெல சரியில்ல” என்கிறார் அவர்.

அக்கா ஒருத்தி இருந்தால் அம்மாவின் வேலை அவள் தலையில் விழுகிறது. விளாத்திகுளத்தில் வாக்கப்பட்டவள், தன் அழுகையை ஒத்திவைத்துவிட்டு இரண்டு பக்கமும் போன் போட்டுக்கொண்டிருப்பாள். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு என்று ஊர் மெச்சும். எனக்கு அதில் உடன்பாடில்லை; தாயை இழந்தவள் அவளும்தான். அப்பாவும் மகனும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் அம்மாவைப் பற்றிப் பேசட்டும். சண்டை வந்தாலும் வரட்டும். அது பட்டாவைப் பற்றிய சண்டையாக இருக்காது.