பத்து விநாடி தரிசனம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் நாலு மணி நேரம். வழியில் நிறுத்திக் காப்பி குடித்தால் ஐந்து. மலையைத் தாண்டி இறங்கியதுமே மொஹாவி பாலைவனம் ஆரம்பித்துவிடுகிறது. பேக்கர் என்ற சின்னஞ்சிறு ஊரில் சாலையோரம் ஒரு தெர்மாமீட்டரை நட்டு வைத்திருக்கிறார்கள். உயரம் 134 அடி! 1913-ல் அந்தப் பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலின் ஞாபகார்த்தமாக அடிக்கு ஒரு டிகிரியாம். நாங்கள் போனது 2024 ஆகஸ்ட் முதல் வாரம். காரை விட்டு இறங்கினால், கடலை வறுக்கிற மணலில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"இந்த வெயிலில், டெலிவிஷன் நடிகையைப் பார்க்கவா இத்தனை தூரம்?" என்றார் என்னவர், மெதுவாகத்தான். காரோட்டிக்கொண்டிருந்த மகள் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்ப்பா, நீங்க கிரிக்கெட் மாட்சுக்கு ராத்திரி பஸ் ஏறிப் போனதில்லையா?"

அப்புறம் வேகாஸ் வரும்வரை பேச்சு இல்லை.

நான் பார்க்கப் போனது 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் மாநாடு. விண்கப்பலில் ஊர் ஊராக, மன்னிக்கவும், கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதை. 1980-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தவள் நான். பேசியதில் பாதி புரியாது. ஆனால் அந்தக் கப்பலின் மேல்தளத்தில், ஆண்களுக்குச் சமமாக, காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்த கறுப்பினப் பெண் உஹூராவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சமையல்கட்டிலோ அழுகையிலோ அவளைக் காட்டவில்லை. அவளுக்கென்று ஓர் உத்தியோகம் இருந்தது!

அந்த வேடத்தில் நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். முதல் வருஷம் முடிந்ததும் விலகிவிட நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகக்கூடாது என்று தடுத்தார். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு 1977-ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பினத்தாரையும் விண்வெளி வேலைக்கு விண்ணப்பிக்கத் தூண்டினார். 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் டாக்டர் மே ஜெமிசன், உஹூராவைப் பார்த்து வளர்ந்தவர். நிஷெல் 2022 ஜூலையில் 89 வயதில் காலமாகிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தவரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மாநாடு நடந்தது ரியோ என்ற பெரிய ஹோட்டலில். உள்ளே போகிற வழியில் சூதாட்டக் கூடம் வந்துவிடுகிறது. 21 வயது நிரம்பாதவர்கள் அதைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. பச்சைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து இளம் தாய்மார்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிற காட்சியைப் பார்க்க வேண்டுமே! ஒரு குழந்தைக்குத் துணியில் கூர்காது தைத்துக் குல்லாயோடு மாட்டியிருந்தார்கள். அது பாட்டுக்குப் பால் புட்டியைச் சப்பிக்கொண்டு போயிற்று.

வெளியே தணல், உள்ளே மார்கழிக் குளிர். போகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுபோவது நல்லது. தண்ணீர் பாட்டிலும் பழகின செருப்பும் அதைவிட முக்கியம். நாள் முழுதும் நிற்கத்தான் போகிறீர்கள். நான் எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே விற்ற சில்லென்ற ரொட்டியைப் பார்த்த பிறகு என்னவரே இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூட்டமோ கூட்டம். சிவப்பு, நீலம், பொன்மஞ்சள் சீருடைகள், நெற்றியில் வரப்பு வரப்பாக ரப்பர் ஒட்டிய கிளிங்கான் வீரர்கள். கடைக்காரர், நர்ஸ், வாத்தியார், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கலந்த கூட்டம். நம் பக்கத்தில் கும்பிடுகிற மாதிரி, கையைத் தூக்கி நாலு விரலை நடுவில் பிரித்து 'வி' போலக் காட்டி வணங்கிக்கொள்கிறார்கள். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய், சின்ன வயதில் யூதர் கோயிலில் குருமார்கள் ஆசி கூறும்போது திருட்டுத்தனமாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்ட முத்திரை அது. எனக்கு விரல் பிரியவே இல்லை. மகள் பிரித்து வைத்தாள்.

இவ்வளவும் எப்படி வந்தது தெரியுமா? இந்தத் தொடர் 1966-ல் ஆரம்பித்து, இரண்டாம் வருஷமே நின்றுபோகிற நிலைக்கு வந்தது. பீஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. கடிதங்கள் லட்சத்தைத் தாண்டின! 1968 மார்ச் 1-ம் தேதி இரவு, தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. நிறுவனம் டெலிவிஷனிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்றாவது வருஷத்தால்தான் மொத்தம் 79 கதைகள் சேர்ந்தன. கையில் அத்தனை இருந்ததால்தான் 1970-களில் ஊர் ஊராகத் தினமும் மறு ஒளிபரப்புச் செய்ய முடிந்தது, ரசிகர்கள் பெருகினார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்திருக்க, மூவாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். அதை நடத்திய குழுவிலும் பெண்கள் கை ஓங்கியிருந்தது.

இதை வழியிலேயே என்னவரிடம் சொன்னேன். நடிகர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிற கூட்டமில்லை இது. இவர்களும் இவர்கள் அம்மாக்களும் போட்ட தபால் தலையில்தான் அந்த நடிகர்களின் அடுப்பே எரிந்தது. "அப்படியா?" என்றார். அவர் 'அப்படியா' என்றால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி.

மேடையில் நடிகர்கள் வந்து உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். எனக்கு இந்தத் தொடர்களில் பிடித்ததே தாய்மை சம்பந்தமான விஷயங்கள்தான். பின்னால் வந்த தொடரில் டாக்டராக நடித்த கேட்ஸ் மக்ஃபாடன் கர்ப்பமாக இருந்தபோது, நீலக் கோட்டைப் போட்டு வயிற்றை மறைத்தே படம் பிடித்தார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து, 1996-ல், நானா விசிட்டர் கர்ப்பமானபோது மறைக்கவில்லை, கதையையே மாற்றிவிட்டார்கள்! விபத்தில் அடிபட்ட இன்னொரு பெண்ணின் சிசுவை அவர் வயிற்றில் வைத்துக் காப்பாற்றுவதாகக் கதை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ராணுவ உடுப்பில் அதிகாரம் செய்கிற பெண்ணை நான் டெலிவிஷனில் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்து போட்டோ. அதற்குத் தனிக் கட்டணம், தனிக் கியூ. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள், உடம்புக்கு ஆகாது. முக்கால் மணி நேரம் நின்றோம். என்ன சொல்வது என்று மனசுக்குள் நாலு தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சலாக இருந்த நாட்களில், மடியில் போட்டுக்கொண்டு உங்கள் தொடரைத்தான் பார்த்தேன், அது எனக்குத் துணை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. திரை விலகியது. வெளிச்சம். ஒரு புன்னகை, தோளில் ஒரு கை, 'க்ளிக்'. பத்து விநாடி! திருப்பதியில் 'ஜருகண்டி' என்பது போல ஒரு பையன் கையால் வழிகாட்டினான். என் வாக்கியம் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த நடிகையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பத்து விநாடியை வைத்துக்கொண்டு ஒருவரை இப்படிப்பட்டவர் என்று எழுதுவது நியாயமா?

மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போயிற்று. மகள்தான் கடைகள் இருந்த கூடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓர் ஓரத்தில் சின்ன மேஜை, அதன் பின்னால் வயதான அம்மாள் ஒருவர். ஏதோ ஒரே ஒரு கதையில் முகம் பூராவும் ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்தவராம். விடியற்காலையில் உட்கார்ந்தால் ஒப்பனைக்கே மூன்று மணி நேரம், மத்தியானம் உறிஞ்சு குழலில்தான் சாப்பாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் ஒப்பனையோடு வீட்டுக்குப் போக நேர்ந்ததாம். குழந்தை பயப்படவேயில்லை, குரலைக் கேட்டுக் கையை நீட்டியதாம்.

அவரிடம் சொன்னேன், அந்த வாக்கியத்தை. உடைந்த இங்கிலீஷில் முழுசாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தை எங்கே என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினேன். இருவரும் சிரித்தார்கள்.

படத்தில் கையெழுத்துப் போட என் பெயரைக் கேட்டார். உங்கள் எழுத்திலேயே எழுதிக் காட்டுங்கள் என்றார். 'கமலா' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் போடப் பழகுகிற சிறுமி போல, ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 'ம' சுலபமாக வந்துவிட்டது. 'லா'வுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை.